அணியாக ஆடும் ஆன்லைன் போட்டிகளில் மனம் தளராமல் முன்னேறுவது எப்படி?

ஐவர் கொண்ட அணியாக மோதும் விளையாட்டை இரண்டு ஆண்டுகளாக ஆடி வருவதாகவும், ரேங்க் ஒரே இடத்தில் நின்றுவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முன்பின் தெரியாத நால்வருடன் ஒவ்வொரு மேட்சிலும் சேர்க்கப்படுகிறீர்கள். அவர்களில் ஒருவர் சொதப்பினாலும் கோபம் வருகிறது, கோபம் வந்ததும் உங்கள் ஆட்டமும் கெடுகிறது. உற்சாகம் குறையாமல் ஆடுவது எப்படி, முன்னேறுவது எப்படி, தனியாக ஆடுவதை விட்டு நிலையான அணி ஒன்றைத் தேடிக்கொள்ளலாமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

முதல் இரண்டையும் நான் ஒரே கேள்வியாகத்தான் பார்க்கிறேன். 'பாசிட்டிவாக இரு' என்று சொல்லும்போது பலரும் முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு எல்லாம் நன்றாகவே நடக்கிறது என்று நம்புவதை நினைத்துக்கொள்கிறார்கள். பத்து நிமிடத்தில் நம் பக்கத்துக் காவல் கோபுரங்களான டவர்கள் மூன்று விழுந்து கிடக்கும்போது அப்படி நம்ப யாராலும் முடியாது, நம்பவும் தேவையில்லை. தேவைப்படுவது ஒன்றுதான்: அடுத்த இருபது வினாடியில் நான் எடுக்க வேண்டிய முடிவு எது என்பதில் கவனம் நிற்க வேண்டும். ஆட்டத்தின் நடுவில் கவனத்தை அங்கே நிறுத்தத் தெரிந்தவருக்கு மனம் உடைவதில்லை. ஆட்டம் முடிந்த பிறகும் அங்கேயே நிறுத்தத் தெரிந்தவர் முன்னேறுகிறார். இரண்டும் ஒரே பழக்கத்தின் இரண்டு வேளைகள்.

கோபத்தில் பெரும்பகுதி ரேங்கைப் பற்றிய தவறான எண்ணத்திலிருந்து பிறக்கிறது. அதனால் ரேங்க் எப்படி இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

இன்று நாம் ஆடும் பெரும்பாலான விளையாட்டுகளின் தரவரிசை முறைக்கு மூலம் சதுரங்கத்தில் இருக்கிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் எலோ வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-லும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970-லும் ஏற்றுக்கொண்டன. அதன் கணக்கு எளியது. இருவரின் புள்ளிகளும் சமமென்றால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 200 புள்ளி கூடுதலாக உள்ளவர், டிராவை அரை வெற்றியாக எண்ணினால், நூறு ஆட்டங்களில் சுமார் 76 வெல்வார் என்று எதிர்பார்க்கலாம். 400 புள்ளி கூடுதலென்றால் சுமார் 91. எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால் புள்ளி ஏறும், குறைவாக ஆடினால் இறங்கும். பின்னர் 1995-இல் புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன், ஒருவருடைய புள்ளி எவ்வளவு நம்பகமானது என்பதையும் கணக்கில் சேர்த்தார். 2005-இல் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற ஆன்லைன் விளையாட்டுச் சேவைக்காக உருவாக்கிய 'ட்ரூஸ்கில்' முறை, அணிகள் மோதும் ஆட்டத்தின் முடிவிலிருந்து தனி ஒருவரின் திறனை மதிப்பிட முயன்றது.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டிய செய்திகள் இரண்டு. முதலாவது, உங்கள் புள்ளி உங்கள் திறனுக்கு ஏறத்தாழ ஒத்து வந்துவிட்டால், சமமான அணிகளை அமைக்கும் எந்த முறையும் உங்களைப் பாதி வெற்றி, பாதி தோல்வி என்ற இடத்திலேயே வைத்திருக்கும். 'சிஸ்டம் வேண்டுமென்றே என்னைத் தோற்கடிக்கிறது' என்று பலரும் சொல்வது இந்த இடத்தைத்தான். அங்கே யாரும் சதி செய்யவில்லை. உங்களுக்குச் சமமானவர்களோடு ஆடுகிறீர்கள் என்பதற்கு அதுவே அடையாளம். இரண்டாவது, ஐவரில் ஒருவராக இருக்கும்போது முடிவின் மீது உங்களுக்குள்ள பிடி சிறியது. ஆகவே உங்கள் திறன் கூடினாலும் புள்ளியில் அது தெரியப் பல மேட்சுகள் ஆகும்.

எவ்வளவு பல என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மனம் நிறையவே அமைதியாகும். நீங்கள் இப்போது இருக்கும் ரேங்கைவிட உண்மையிலேயே மேம்பட்ட வீரர், 100 மேட்சில் 55 வெல்லும் திறன் உங்களுக்கு உண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்டவர் 20 மேட்ச் ஆடினால், அவற்றில் பாதியோ அதற்கும் குறைவாகவோ மட்டுமே வெல்வதற்கு ஏறத்தாழ 41 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 100 மேட்ச் ஆடிய பிறகும் 50-ஐத் தாண்டாமல் நிற்க 18 சதவீத அளவுக்கு வாய்ப்பு உண்டு. சரிக்குச் சரி வெல்லும் ஒருவர் 100 மேட்ச் ஆடும்போது, எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து ஐந்து தோல்விகளைச் சந்திக்கும் வாய்ப்பு ஐந்தில் நான்கு பங்கு. வரிசையாக ஐந்து மேட்ச் தோற்ற இரவில் 'நான் ஆட்டத்தையே மறந்துவிட்டேன்' என்று தோன்றும். அந்த எண்களைப் பொறுத்தவரை அது நடந்தே தீரக்கூடிய ஒன்று. ஒரு வாரத்து முடிவை வைத்து உங்களை எடைபோடாதீர்கள் என்று நான் சொல்வது ஆறுதலுக்காக இல்லை. ஒரு வாரத்து முடிவில் எடைபோடும் அளவுக்குத் தகவலே இல்லை என்பதால்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. விளையாடும் பத்துப் பேரில் ஒருவர் ஆட்டத்தின் நடுவில் கோபித்துக்கொண்டு சண்டை போடுபவர் அல்லது வெளியேறுபவர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒருபோதும் அப்படி நடந்துகொள்ளாதவரென்றால், உங்கள் அணியில் அத்தகையவர் வரக்கூடிய இடங்கள் நான்கு, எதிரணியில் ஐந்து. உங்கள் பக்கம் குறைந்தது ஒருவராவது அப்படி இருக்க 34 சதவீத வாய்ப்பு, எதிர்ப்பக்கம் 41 சதவீதம். நீண்ட காலத்தில் இந்த வேறுபாடு முழுக்க உங்களுக்குச் சாதகம். அந்த ஐந்தாவது இடத்தை நீங்களே கோபத்தால் நிரப்பிவிட்டால், கையில் இருந்த ஆதாயத்தைத் தூக்கி எதிரணிக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். மோசமான சக வீரர்கள் நமக்கு மட்டுமே வாய்க்கிறார்கள் என்ற உணர்வு நம் எல்லோருக்கும் வருவது, எதிரணியின் வாய்ஸ் சாட்டில் நடக்கும் சண்டை நம் காதில் விழுவதில்லை என்பதால்தான்.

அடுத்து, பழி போடும் பழக்கம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பலருடைய வளர்ச்சி நின்றுபோவது இங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மற்றவர் தவறு செய்தால் அது அவர் குணத்தால் என்றும், நாம் தவறு செய்தால் அது சூழ்நிலையால் என்றும் எண்ணுவது மனித இயல்பு. மற்றவரின் செயலுக்குச் சூழ்நிலையை மறந்து குணத்தையே காரணமாக்கும் இந்தச் சாய்வைச் சமூக உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் 'அடிப்படைக் காரணப் பிழை' என்ற பொருளில் பெயரிட்டு விளக்கினார். ஆன்லைன் விளையாட்டு இந்தப் பிழைக்கு விளைநிலம். சக வீரர் எதைப் பார்த்தார், அவருடைய திரையில் என்ன தெரிந்தது, எந்த ஒலி அவர் காதில் விழுந்தது என்பது எதுவும் நமக்குத் தெரியாது. அவருடைய பாத்திரம் செத்து விழுந்தது மட்டும் தெரியும்.

என்னுடைய மேட்ச் ஒன்றின் ரீப்ளேவை, அதாவது பதிவை, எடுத்துக்கொள்கிறேன். ஐவர் அணிகள் மோதும் டோட்டா 2 ஆட்டம், நான் கேரி, அதாவது பொன் சேர்த்து வலுவாகி ஆட்டத்தின் பிற்பகுதியில் அணியைத் தாங்க வேண்டியவன். 23-ஆவது நிமிடத்தில் கீழ் லேனில், அதாவது கீழ்ப் பாதையில், தனியாகப் பொன் சேர்த்துக்கொண்டிருந்தபோது மூவர் சூழ்ந்து என்னைக் கொன்றார்கள். அடுத்த நிமிடமே எங்கள் அணி ஒரு பெரிய சண்டையைத் தோற்றது, மேட்சும் போயிற்று. அந்தப் பகுதியைக் கண்காணிக்கும் வார்ட் என்ற பொருளை வைக்காத, மற்றவர்களுக்குத் துணை நிற்க வேண்டிய சப்போர்ட் வீரர்தான் காரணம் என்று அன்றிரவு முழுக்க எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. அடுத்த நாள் ரீப்ளேவைத் திறந்து, என் பார்வையில் மட்டும், என் திரையில் அன்று தெரிந்ததை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். நான் சாவதற்குப் பன்னிரண்டு வினாடிகளுக்கு முன்பே எதிரணியின் மூன்று முகங்கள் திரையின் மூலையிலுள்ள சிறு வரைபடமான மினிமேப்பிலிருந்து மறைந்துவிட்டிருந்தன. ஒரு அலை எதிரிப் படைகளை அடித்து முடித்த நான், திரும்பிப் போகாமல் அடுத்த அலையை நோக்கி ஆற்றைக் கடந்து நடக்கிறேன். சப்போர்ட் வீரர் அதே வேளையில் அந்த ஆற்றின் மேட்டில் ஒரு வார்ட் வைக்கப் போய்க்கொண்டிருக்கிறார். அவருடைய முந்தைய வார்ட் காலாவதியாகிச் சில வினாடிகள்தான் ஆகியிருந்தன. டோட்டா 2-இல் பார்வை தரும் வார்ட் ஆறு நிமிடம்தான் நிற்கும். அவர் செய்தது சரியான வேலை, சற்றுத் தாமதம். நான் செய்தது, மூன்று எதிரிகளைக் காணவில்லை என்ற செய்தி கண்ணெதிரே இருந்தும் பாராமல் நடந்தது.

அந்தப் பன்னிரண்டு வினாடிகள் எனக்குக் கற்றுக்கொடுத்தது, அதற்கு முந்தைய ஓராண்டில் ஆடிய நூற்றுக்கணக்கான மேட்சுகள் கற்றுத்தராத ஒன்று. பழியை அவர் மேல் போட்டிருந்தவரை என்னிடம் திருத்த எதுவுமே இருக்கவில்லை. என் மேல் எடுத்துக்கொண்ட கணத்தில் திருத்த வேண்டியது தெளிவாகத் தெரிந்தது: ஒவ்வொரு அலையை முடித்ததும் மினிமேப்பைப் பார்த்து, காணாமல் போன எதிரிகளை எண்ண வேண்டும். இரண்டு வாரம் அந்த ஒன்றை மட்டும் பழகினேன். லாஸ்ட் ஹிட், அதாவது எதிரிப் படையை வீழ்த்திப் பொன் தரும் கடைசி அடியின் எண்ணிக்கை முதலில் குறைந்தது, ஏனென்றால் கண் மேப்புக்குப் போகும் நேரமெல்லாம் அடி தவறியது. மூன்றாவது வாரத்தில் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பியது; மேப்பைப் பார்ப்பது மூச்சு விடுவதுபோலத் தானாகவே நடந்தது.

முன்னேற்றத்துக்கு நான் பரிந்துரைப்பதும் இதுவே. 1993-இல் ஆண்டர்ஸ் எரிக்சன் உள்ளிட்ட மூவர், பெர்லினில் வயலின் பயிலும் மாணவர்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரை ஒன்று மிகவும் பேசப்பட்டது. திருத்தத்தையே நோக்கமாகக் கொண்டு, குறிப்பிட்ட குறை ஒன்றை எடுத்து, உடனுக்குடன் விளைவைப் பார்த்துச் செய்யும் பயிற்சி என்ற கருத்தை அது முன்வைத்தது. மணிக்கணக்கில் ஆடுவதும் இத்தகைய பயிற்சியும் ஒன்றல்ல. நூறு மேட்ச் ஆடியும் அதே தவறைச் செய்பவர், அந்தத் தவறை நூறு முறை பயிற்சி செய்தவராகிறார். ஆகவே ஒரு நேரத்தில் ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். சுடும் விளையாட்டென்றால், குறுக்குக்குறி எதிரியின் தலை உயரத்தில் இருக்கிறதா என்பது; மூலையைத் திரும்பும்போது எத்தனை இடங்களுக்கு ஒரே நேரத்தில் வெளிப்படுகிறேன் என்பது; கைக்குண்டைப் பயன்படுத்தாமலே சாகிறேனா என்பது. மேட்ச் முடிந்ததும் வென்றேனா என்று கேட்பதற்கு முன், அந்த ஒன்றைச் செய்தேனா என்று கேளுங்கள். தோற்ற மேட்சிலும் 'ஆம்' என்ற பதில் கிடைக்கும் என்பதுதான் இதன் பெரிய பலன். ஆட்டத்தின் முடிவு கையில் இல்லாத நாளிலும் கைக்கு ஏதோ ஒன்று மிஞ்சும். மனம் தளராமல் இருப்பதற்கு இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியாது.

ரீப்ளே பார்ப்பதில் ஓர் எச்சரிக்கை. முழு ஆட்டத்தையும் பார்க்க உட்கார்ந்தால் மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். உங்கள் சாவுகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முந்தைய முப்பது வினாடிகளைப் பாருங்கள். பெரும்பாலான சாவுகள் சண்டையில் முடிவாவதில்லை. அந்த இடத்துக்கு அந்த நேரத்தில் போனதிலேயே முடிவாகிவிடுகின்றன. தோற்ற உடனே பார்க்காதீர்கள், அப்போது கண் குற்றவாளியைத் தேடும். மறுநாள் பாருங்கள்.

சுட்டி, ஹெட்செட், அமைப்புகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மவுசின் வேகத்தை ஒருமுறை தீர்மானித்துக்கொண்டு மாற்றாமல் வைத்திருங்கள், இணைய இணைப்பு சீராக இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

இனி மற்றவர்களோடு நடந்துகொள்வது. இதில் தொழில்முறை ஆட்டத்திலிருந்தே ஒரு சான்று இருக்கிறது. 2018-ஆம் ஆண்டின் நடுவில் ஓஜி என்ற டோட்டா 2 அணியிலிருந்து இரண்டு முக்கிய வீரர்கள் விலகினார்கள். உலகின் மிகப் பெரிய டோட்டா போட்டியான 'தி இன்டர்நேஷனல்' நெருங்கிக்கொண்டிருந்தது. பயிற்சியாளராக இருந்த செபாஸ்டியன் டெப்ஸ் வீரராக இறங்கினார். பெரிய மேடை அனுபவமே இல்லாத டோப்சன் என்ற இளைஞர் சேர்க்கப்பட்டார். ஓய்விலிருந்த 'ஆனா' என்ற வீரர் திரும்ப வந்தார். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளக்கூடிய திறந்த தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கி வான்கூவரில் இறுதிப் போட்டிவரை போன அந்த அணி, ஐந்து ஆட்டத் தொடரில் 1-2 என்று பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு, பிஎஸ்ஜி.எல்ஜிடி அணியை 3-2 என வென்றது. அடுத்த ஆண்டு ஷாங்காயிலும் அவர்களே வென்று, அந்தப் போட்டியை இருமுறை வென்ற முதல் அணி ஆனார்கள். தலைவர் யோஹான் சுண்ட்ஸ்டைனும் டெப்ஸும் ஒருவரையொருவர் நம்புவதையும், ஆட்டத்தின் நடுவில் குற்றம் சொல்லாமல் இருப்பதையும் தங்கள் பலமாகத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார்கள். அவர்களுடைய கைத்திறன் உயர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உயர்ந்த கைத்திறன் அந்த அரங்கில் இருந்த எல்லா அணிகளிடமும் இருந்தது.

நம்மைப் போன்றவர்களின் மேட்சில் இது எப்படி இருக்கும் என்பதற்கு நான் பார்த்த ஒரு சிறு நிகழ்வு. ஐவர் சுடும் ஆட்டம், 13 ரவுண்டு வென்றவர் வெற்றி. முதல் ஏழு ரவுண்டில் ஆறை இழந்துவிட்டோம். எங்களில் ஒரு பையன் ஒவ்வொரு ரவுண்டிலும் முதலில் ஓடிப் போய் முதலில் செத்துக்கொண்டிருந்தான். இன்னொருவர் மைக்கில், 'உனக்கெல்லாம் எதுக்கு இந்த ரேங்க்' என்று தொடங்கினார். பையன் மைக்கை அணைத்துவிட்டான். அதற்குப் பிறகு எதிரி எங்கே என்று சொல்லக்கூட அவன் பேசவில்லை. அதாவது ஐந்து ஜோடிக் கண்களில் ஒன்றை நாங்களே குருடாக்கிக்கொண்டோம். அடுத்த ரவுண்டு தொடங்கும்போது நான் அவனிடம், 'தம்பி, நீ முன்னாடி போறது நல்லாத்தான் இருக்கு. நான் ஃபிளாஷ் போடுறேன், வெடிச்ச சத்தம் கேட்டதும் போ. நான் பின்னாடியே வர்றேன்' என்றேன். ஃபிளாஷ் என்பது எதிரியின் கண்ணைக் கூசவைக்கும் குண்டு. அவ்வளவுதான் சொன்னேன். அந்த ரவுண்டை வென்றோம். அதற்கடுத்த ரவுண்டில் அவன் மைக் திறந்தது: 'அண்ணா, பி-யில ரெண்டு பேர், ஒருத்தனுக்கு பாதி உயிர்தான்.' கடைசியில் 11-13 என்று தோற்றோம். ஆனால் 1-6-இலிருந்து 11 வரை வந்தது அந்த மைக் திறந்ததால்தான் என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன்.

அந்தப் பையனிடம் நான் பேசிய வாக்கியத்தின் அமைப்பைக் கவனியுங்கள். நடந்து முடிந்ததைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அடுத்து நடக்கப்போவது மட்டும் இருக்கிறது. அவன் செய்ய வேண்டியதற்கு முன், நான் செய்யப்போவது இருக்கிறது. 'ஏன் தனியா போன' என்பது தகவல் அல்ல, தீர்ப்பு. 'அடுத்த முறை நான் கூட வர்றேன்' என்பது திட்டம். ஆட்டத்தின் நடுவில் பேசும் ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்தச் சல்லடையில் சலித்துப் பாருங்கள்: இடம், எண்ணிக்கை, எதிரியின் உயிர் நிலை, அடுத்த திட்டம் ஆகியவற்றுள் எதுவும் இல்லாத வாக்கியம் சொல்லாமல் விடத் தகுந்தது. பாராட்டு மட்டும் விதிவிலக்கு. பேசத் தயங்குபவர்களுக்கு, பொத்தானை அழுத்தி ஓரிடத்தைச் சுட்டிக்காட்டும் பிங் இருக்கிறது. 2019-இல் வெளிவந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், ஒரே பொத்தானால் எதிரி, ஆயுதம், போக வேண்டிய இடம் எல்லாவற்றையும் சுட்டிக்காட்டும் வசதியை அமைத்த பிறகு, வாய் திறக்காமலே நல்ல அணித் தோழராக இருக்க முடியும் என்பதை எல்லோரும் கண்டுகொண்டார்கள். ஒரு பிங் போதும். ஒரே இடத்தில் பத்து முறை அடிக்கும் பிங், எழுத்தில்லாத வசைதான்.

மோசமாகப் பேசுபவர்களைப் பற்றி ஒன்று அறிந்திருப்பது உதவும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டை நடத்தும் ரயட் நிறுவனத்தில் வீரர்களின் நடத்தையை ஆராய்ந்த ஜெஃப்ரி லின், 2013-இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் தங்கள் சோதனைகளை விவரித்தார். எதிரணியுடன் அரட்டையடிக்கும் வசதியை இயல்பில் அணைத்துவைத்து, வேண்டியவர்கள் மட்டும் திறந்துகொள்ளலாம் என்று மாற்றியபோது, தவறான பேச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, நல்ல பேச்சும் அதே அளவில் கூடியது. அவர்கள் கண்ட இன்னொன்று, தவறான நடத்தையில் பெரும்பகுதி எப்போதும் கெட்டவர்களாக இருக்கும் சிறு கூட்டத்திடமிருந்து வரவில்லை, வழக்கமாக ஒழுங்காக நடக்கும் சாதாரண வீரர்களின் மோசமான நாளிலிருந்து வருகிறது என்பது. உங்களைத் திட்டியவர் நேற்று உங்களைப் போலவே அமைதியாக ஆடியிருக்கலாம். இன்று அமைதியாக இருக்கும் நீங்களும் நாளை அவராகலாம்.

அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. இதில் எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது. குரலைக் கேட்டதும் பெண் என்பதாலேயே ஒருவரை இழிவாகப் பேசுவதும், இனம், மொழி, உடல் சார்ந்த வசைகளும் கோபத்தின் வகையில் சேராது. அவற்றுக்கு உரிய பதில் உடனே மியூட், மேட்ச் முடிந்ததும் ரிப்போர்ட். இத்தகைய பேச்சுக்குப் பயந்து மைக்கையே தொடாமல் ஆடும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய மௌனத்துக்கு அந்த நேரத்தில் பேசாமல் இருந்த மற்ற மூவரும் பொறுப்பு. 'அப்படிப் பேசாதீங்க' என்று ஒருவர் சொன்னாலே போதும், அந்த மேட்சின் காற்று மாறும். மியூட் செய்வதைத் தோல்வியாக எண்ணாதீர்கள். திட்டுபவருக்குப் பதில் எழுதும் பத்து வினாடியில் உங்கள் கை கீபோர்டில் இருக்கிறது, உங்கள் பாத்திரம் மரத்தடியில் நிற்கிறது.

கோபம் உடலில் ஏறியபின் அறிவுரையால் பயனில்லை. டில்ட் ஆகிவிட்டோம், அதாவது கோபத்தில் நிதானம் இழந்துவிட்டோம் என்பதற்கு ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு. எனக்குத் தோள்பட்டை காதை நோக்கி உயரும். செத்த உடனே யார் எங்கே இருந்தார்கள் என்று ஸ்கோர்போர்டைத் திறப்பேன். உங்கள் அடையாளத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அது தோன்றினால் செத்துக் கிடக்கும் நேரத்தில் கையை மவுசிலிருந்து எடுத்து, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, எழுந்ததும் செய்யப்போகும் முதல் செயலை வாய்விட்டுச் சொல்லுங்கள். தொடர்ந்து இரண்டு மேட்ச் தோற்றால் அன்றைக்கு ரேங்க் ஆட்டத்தை நிறுத்துவது என்ற விதியை, மனம் தெளிவாக இருக்கும்போதே தீர்மானித்துவிடுங்கள். மூன்றாவது மேட்ச் தேடும் பொத்தானை அழுத்தும் விரல், இழந்த புள்ளியை மீட்கத் துடிக்கும் விரல்; அதனிடம் அப்போது யோசனை கேட்கக் கூடாது.

தோல்வியைக் கையாளும் விதத்தில் நான் மிகவும் மதிப்பவர் ஃபேக்கர் என்று உலகம் அழைக்கும் லீ சாங்-ஹ்யோக். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டியை 2013, 2015, 2016 ஆண்டுகளில் வென்றவர், 2017 இறுதியில் பெய்ஜிங்கில் சாம்சங் கேலக்ஸி அணியிடம் 0-3 என்று தோற்று, மேடையிலேயே தலைகுனிந்து அழுதார். 2022 இறுதியில் டிஆர்எக்ஸ் அணியிடம் 2-3 என்று மீண்டும் தோற்றார். அடுத்து அவர் கோப்பையைத் தூக்கியது 2023-இல்; ஏழு ஆண்டுகள் இடைவெளி. அதன் பிறகு 2024, 2025 என்று தொடர்ந்து வென்றார். அழுதது அவருடைய வலிமைக்குக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. தோல்வி வலிக்காத நிலைக்குப் போவதை இலக்காக வைக்காதீர்கள். வலித்த பிறகு மறுநாள் என்ன செய்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நிலையான அணி தேடலாமா என்றால், தேடுங்கள் என்பேன், ரேங்க் ஏறுவதற்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். தெரிந்த ஐவர் சேர்ந்தால் எதிரிலும் பெரும்பாலும் அப்படிச் சேர்ந்த அணியே வரும். புள்ளியில் பெரிய குறுக்குவழி எதுவும் கிடையாது. கிடைப்பது வேறு: நேற்றைய தவறை இன்று இணைந்து திருத்தும் வாய்ப்பு, ஒருவரின் பழக்கத்தை மற்றவர் அறிந்து முன்கூட்டியே நகர்வது. திறமையை மட்டும் பார்த்து ஆள் சேர்க்காதீர்கள். தோற்ற மேட்சின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்பதைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். தனி ஆட்டத்தில் அப்படி நன்றாகப் பேசிய ஒருவரைக் கண்டால், மேட்ச் முடிந்த திரையிலேயே நட்பு வேண்டுகோள் அனுப்பிவிடுங்கள். என்னுடைய இப்போதைய அணியில் மூவர் அப்படி வந்தவர்கள்தான்.

அணி அமைந்தபின் ஒரு வழக்கத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே வையுங்கள். மேட்ச் முடிந்ததும் பத்து நிமிடம் பேசுங்கள். ஒவ்வொருவரும் தன்னுடைய ஒரு தவறை மட்டும் சொல்ல வேண்டும், மற்றவருடைய தவறைச் சொல்ல அனுமதி கிடையாது. முதல் வாரம் எல்லோரும் தயங்குவார்கள், பொதுவாக ஏதோ சொல்லித் தப்பிப்பார்கள். நீங்கள் முதலில் தொடங்குங்கள், நிமிடக் கணக்கோடு சொல்லுங்கள்: '18-ஆவது நிமிஷம், ரோஷன் பக்கம் நான் தாமதமா வந்தேன், கீழ் லேன்ல ஒரு அலைக்கு ஆசைப்பட்டேன்.' ரோஷன் என்பது டோட்டாவில் அணியாகச் சேர்ந்து வீழ்த்தும் பெரிய அரக்கன். இரண்டாவதாகப் பேசுபவரும் நிமிடத்தைச் சொல்லத் தொடங்குவார். எங்கள் அணியில் நான்காவது வாரத்தில், நான் சொல்ல நினைத்திருந்த இன்னொருவரின் தவறை, நான் வாய் திறப்பதற்கு முன்பே அவரே சொன்னார். நான் கவனிக்காத இன்னொரு காரணத்தையும் சேர்த்துச் சொன்னார்.